வெண்ணெய் வீட்டில் தங்கிய நாள்

உருளைக்கிழங்கு பிறந்த ஊரில் வெண்ணெய் கிடையாது.

பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா ஏரி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஆண்டீஸ் மலைச்சரிவுகளில்தான் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் காட்டுக் கிழங்கைப் பழக்கி வயலுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களிடம் லாமாவும் அல்பாகாவும் இருந்தன. லாமா சுமை தூக்கியது, அல்பாகா கம்பளி கொடுத்தது. இரண்டையும் பாலுக்காக யாரும் வளர்க்கவில்லை. மாடு அந்தக் கண்டத்திலேயே இல்லை. ஆகவே பல்லாயிரம் ஆண்டுகள் கிழங்கும் பாலும் ஒன்றையொன்று பார்க்காமலே இருந்தன.

இப்போது நான் வசிக்கும் கனடாவின் ஒண்டாரியோவில், அக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்து. அமெரிக்காவில் அதே விருந்து நவம்பர் நான்காம் வியாழனன்று. மேசை நடுவில் வான்கோழி இருக்கும். அதற்குப் பக்கத்தில், எந்த வீடானாலும், ஒரு பெரிய கிண்ணம் இருக்கும். அதில் வெண்பஞ்சாய் மசித்த உருளைக்கிழங்கு. கரண்டியின் முதுகால் நடுவே ஒரு குழி, குழியில் உருகிக்கொண்டிருக்கும் வெண்ணெய்க் கட்டி, ஓரங்களில் பொன்னிறமாக வழியும் நெய்மணம். கீரையையும் சேனையையும் மசிப்பதுபோல மசிப்பதால் நான் இதை மசியல் என்றே சொல்கிறேன். அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இதில் பாதி ஒரு கண்டம், மறுபாதி இன்னொரு கண்டம். இரண்டும் சேர்ந்த கதை இனிமையானது மட்டுமல்ல.

ஆண்டீஸ் மக்கள் கிழங்கை மசித்தது கையாலோ மத்தாலோ அல்ல, காலால். ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே இரவில் உறைபனி கொட்டும், பகலில் வெயில் சுடும். அறுவடைக் கிழங்கைத் திறந்தவெளியில் பரப்பி வைப்பார்கள். இரவில் கல்லாக உறையும், காலையில் இளகும். இளகியதும் குடும்பமே வெறுங்காலோடு ஏறி மிதித்து நீரைப் பிழிந்தெடுக்கும். இப்படிச் சில நாள் செய்து காயவைத்தால் எடையே இல்லாத, சுருங்கிய கட்டி மிஞ்சும். அதற்கு சுன்யோ என்று பெயர். ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்கா அரசின் களஞ்சியங்களில் அது குவிந்து கிடந்தது. பின்னாளில் ஸ்பானியர்கள் போட்டோசி மலையில் வெள்ளி வெட்டியபோது, சுரங்கத்துக்குள் விரட்டப்பட்ட பழங்குடியினரின் வயிற்றில் இருந்ததும் அதுதான். வெள்ளி ஐரோப்பாவைப் பணக்காரக் கண்டமாக்கியது. வெள்ளியை ஏற்றிச்சென்ற கடல்வழியிலேயே கிழங்கும் போனது, யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாமல்.

1567-இல் கானரித் தீவுகளிலிருந்து ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குக் கிழங்கு ஏற்றுமதியானதற்குப் பதிவு இருக்கிறது. 1573-இல் செவில் நகரத்து மருத்துவமனை ஒன்று நோயாளிகளுக்காகக் கிழங்கு வாங்கியதைக் கணக்கேட்டில் எழுதி வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அதற்கு ஐரோப்பாவின் பல பகுதிகளில் மரியாதை இல்லை. பன்றிக்குப் போடுவார்கள், தொழுநோய் வரும் என்று பயப்படுவார்கள். 1748-இல் பாரிஸ் நீதிமன்றம் அதைப் பயிரிடவே தடை விதித்தது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் 1756-இல் நேரெதிராக, பயிரிட்டே ஆகவேண்டும் என்று ஆணை போட்டார். அந்த ஆண்டு தொடங்கிய போரில் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு ராணுவ மருந்தாளர் ஒருவருக்குச் சிறைச் சாப்பாடாகத் தினமும் இந்தக் கிழங்கு கிடைத்தது. அவர் சாகவில்லை, நோயிலும் விழவில்லை. விடுதலையாகி வந்ததும் வாழ்நாள் முழுக்க அதற்காகவே வாதாடினார். அவர்தான் அந்துவான் ஒகஸ்தேன் பார்மாந்தியே. 1772-இல் பாரிஸ் மருத்துவப் பீடம் கிழங்கு உண்ணத்தக்கது என்று ஒப்புக்கொண்டது. கொத்துக்கறியின் மேல் மசியலைப் பரப்பி அடுப்பில் சிவக்கவைக்கும் பிரெஞ்சுப் பண்டத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். பாரிஸில் அவர் கல்லறைக்குப் போகிறவர்கள் பூவோடு சேர்த்து உருளைக்கிழங்கையும் வைத்துவிட்டு வருகிறார்கள்.

பிரான்ஸ் இப்படித் தயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, ஆங்கிலேயப் பெண் ஒருவர் மசியலுக்குச் செய்முறை எழுதிவிட்டார். ஹன்னா கிளாஸின் சமையல் நூல் 1747-இல் லண்டனில் வெளிவந்தது. பெரிய வீட்டுச் சமையல்காரர்களுக்காக இல்லாமல், வேலைக்காரப் பெண்களுக்கும் புரியும்படி எழுதிய நூல். அதில் இரண்டு பவுண்டு கிழங்குக்கு ஒரு பைன்ட் பால், கொஞ்சம் உப்பு, கால் பவுண்டு வெண்ணெய் என்ற அளவு இருக்கிறது. அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி ஓர் எச்சரிக்கையும் உண்டு. இன்றைக்கு யாராவது அதை அப்படியே செய்தாலும் ருசியாகவே வரும். கிழங்கும் வெண்ணெயும் ஏட்டில் கைகோத்த இடம் என்று அந்தப் பக்கத்தைச் சொல்லலாம்.

ஆனால் ஏட்டில் சேர்ந்தது எல்லார் தட்டிலும் சேரவில்லை. இந்தப் பண்டத்தின் பயணத்தில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் அயர்லாந்து.

பஞ்சத்துக்கு முன்பிருந்த அயர்லாந்தில் உழைக்கும் ஆண் ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்கும் மேல் கிழங்கு சாப்பிட்டார். காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, இரவில் கிழங்கு. உடன் ஒரு குவளை மோர். இது வறுமைச் சாப்பாடுதான். ஆனாலும் கிழங்கும் பாலும் சேர்ந்தால் மனித உடம்புக்கு வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். 1841 கணக்கெடுப்பில் அங்கே மக்கள்தொகை 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேருக்குக் கிழங்கை விட்டால் வேறு உணவில்லை.

மோர் குடித்தார்கள் என்றால், அந்த மோரைக் கடைந்தபோது திரண்ட வெண்ணெய் எங்கே போனது? நம்மூரில் கறவை மாடு வைத்திருந்த ஏழை வீடுகளுக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியும். வெண்ணெய் விற்பனைக்கு. மோர் வீட்டுக்கு. அயர்லாந்தில் குத்தகை நிலத்துக்கு வாடகை கட்ட வேண்டியிருந்தது. பெண்கள் கடைந்து திரட்டிய வெண்ணெயில் உப்பிட்டு, மரப்பீப்பாய்களில் அடைத்து, கார்க் நகரத்துக்கு அனுப்பினார்கள். 1770-இல் முறைப்படுத்தப்பட்ட கார்க் வெண்ணெய்ச் சந்தை உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தையாக வளர்ந்தது. தரம் பார்த்து முத்திரை குத்திய பீப்பாய்கள் அங்கிருந்து இங்கிலாந்துக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பலேறின. கிழங்கை விளைவித்த கையும் வெண்ணெயைக் கடைந்த கையும் ஒரே வீட்டுக் கைகள். அந்த வீட்டுத் தட்டில் மட்டும் இரண்டும் சேரவில்லை.

சேர்ந்தது பண்டிகை நாளில். அக்டோபர் 31, புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்தைய இரவு. கத்தோலிக்க விரத நாள் என்பதால் இறைச்சி கூடாது. அன்றைக்கு ஒரு பெரிய பானைக் கிழங்கை வேகவைத்து, பீட்டில் என்ற மரக்கட்டையால் குத்துவார்கள். நம் சிறிய உலக்கையைப் போன்றது அது. வெந்த முட்டைக்கோஸோ பச்சைக்கீரையோ சேர்த்து மசித்தால் கோல்கேனன். வெங்காயத்தாளைப் பாலில் வேகவைத்துச் சேர்த்தால் சேம்ப். மசியலைக் குவித்து நடுவில் குழித்து, குழி நிறைய வெண்ணெய். சுற்றியிருப்பவர்கள் வெளி ஓரத்திலிருந்து கரண்டியால் எடுத்து, நடுக்குழி வெண்ணெயில் தொட்டுத்தொட்டுச் சாப்பிடுவார்கள். கோல்கேனனுக்குள் மோதிரமும் காசும் ஒளித்து வைப்பதும் உண்டு. மோதிரம் கிடைத்தால் கல்யாணம், காசு கிடைத்தால் செல்வம்.

அந்தக் குழியைத்தான் நான் இன்றைய தேங்க்ஸ்கிவிங் கிண்ணத்தின் நடுவில் பார்க்கிறேன். பிறருக்கு அது அலங்காரமாகத் தெரியலாம். எனக்கு அது, ஆண்டெல்லாம் சந்தைக்குப் போன வெண்ணெய் ஒரு நாள் மட்டும் வீட்டில் தங்கியதன் அடையாளம்.

1845-இல் இலைக்கருகல் நோய் வந்தது. ஒரு வாரத்தில் பச்சை வயல் கருத்து நாறியது. தோண்டினால் கையில் அழுகல். பெரும்பாலானோர் நட்டிருந்தது லம்ப்பர் என்ற ஒரே வகை என்பதால் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் கப்பலேறி வெளியேறினார்கள். அந்த ஆண்டுகளிலும் வெண்ணெய்ப் பீப்பாய்கள் துறைமுகத்தை விட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆண்டீஸ் மலையில் ஒரே குடும்பம் பத்துப் பன்னிரண்டு வகைகளைக் கலந்து நடும். ஒன்று போனால் ஒன்று நிற்கும். அந்த அறிவைக் கப்பல் ஏற்றிவரவில்லை, கிழங்கை மட்டும் ஏற்றி வந்தார்கள்.

அமெரிக்காவுக்குக் கிழங்கு அதற்கு முன்பே போயிருந்தது. 1719-இல் வட அயர்லாந்திலிருந்து வந்த குடியேறிகள் நியூ ஹாம்ப்ஷயரில் நட்டதை அங்கே முதல் நடவாகச் சொல்வது வழக்கம். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், வட அமெரிக்காவுக்கு ஐரோப்பா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது! ஆகவே 1621-இல் பிளிமத்தில் குடியேறிகளும் வாம்பனோவாக் மக்களும் சேர்ந்து உண்ட அந்தப் புகழ்பெற்ற விருந்தில் மசியல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்த விருந்தைத் தேசியப் பண்டிகையாக்கச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேல் ஆண்டுக்கணக்கில் ஆளுநர்களுக்கும் அதிபர்களுக்கும் கடிதம் எழுதினார். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 அக்டோபரில், லிங்கன் அதற்கு அறிவிப்பு வெளியிட்டார். அந்தச் சமயத்தில் நியூ இங்கிலாந்தின் குளிர்காலக் கிடங்குகளில் கிழங்கு நிறைந்திருந்தது, பண்ணைகளில் பசு இருந்தது. சொந்தப் பண்ணை வெண்ணெய்க்கு நிலக்கிழாரிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மசியல் அந்த மேசையில் இயல்பாக வந்து உட்கார்ந்தது.

நவம்பர் மசியலுக்கென்றே பிறந்ததுபோல ஒரு கிழங்கும் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் லூனன்பர்கில் லூதர் பர்பேங்க் என்ற இளைஞர், அபூர்வமாகக் காய்க்கும் ஒரு கிழங்குச் செடியில் காய் ஒன்றைக் கண்டார். அதிலிருந்த 23 விதைகளையும் விதைத்தார். அவற்றில் ஒன்றிலிருந்து வந்த ரகத்தை 150 டாலருக்கு விற்றுவிட்டு, 1875-இல் கலிஃபோர்னியாவுக்குப் போனார். அதன் சொரசொரத் தோல் வடிவம்தான் ரசெட் பர்பேங்க், ஐடஹோ மாநிலத்துக்குப் பேர் வாங்கிக்கொடுத்த கிழங்கு. மாவுச்சத்து மிகுந்தது. வெந்தால் மாவாக உதிரும்.

1950-களில் பிலடெல்ஃபியா அருகேயிருந்த அமெரிக்க வேளாண் துறை ஆய்வகம், வெந்நீர் ஊற்றினால் மசியலாகும் கிழங்குச் செதில்களை உருவாக்கியது. கிழங்கை 70 டிகிரி அளவில் அரைவேக்காடாக்கி, குளிரவைத்து, மறுபடி வேகவைத்தால் ஒட்டாமல் வரும் என்பதுதான் அவர்கள் கண்ட சூட்சுமம். அவசரத்துக்கு அந்தப் பொட்டலம் உதவும். பண்டிகைக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஒட்டுவது என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். கனடா வந்த முதல் ஆண்டு, இரண்டு கிலோ கிழங்கை வேகவைத்துச் சூட்டோடு மிக்ஸியில் போட்டுச் சுற்றினேன். கட்டியில்லாமல் வரும் என்ற எண்ணம். அரை நிமிடத்தில் பாத்திரத்துக்குள் சுவரொட்டிப் பசை இருந்தது. கரண்டியைத் தூக்கினால் நீண்ட இழையாக இழுபட்டது, நாக்கில் வைத்தால் மேலண்ணத்தில் ஒட்டியது. வெந்த கிழங்கின் ஒவ்வொரு செல்லும் ஊறி உப்பிய மாவுச்சத்தை அடைத்து வைத்த சிறு பை. மெதுவாக மசித்தால் பைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், உடையா. அதுதான் பஞ்சு. சுழலும் பிளேடு பைகளைக் கிழித்துவிடுகிறது. உள்ளிருந்த மாவுச்சத்து வெளியே கொட்டி எல்லாவற்றையும் ஒட்டவைக்கிறது. அப்புறம் எவ்வளவு வெண்ணெய் போட்டாலும் அது திரும்பாது.

நம் வீட்டுக் கருவி ஒன்று இதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கிறது: இடியாப்ப அச்சு. இங்கே கடைகளில் கிழங்கு மசிக்க விற்கும் கருவியும் அதே வடிவம்தான், கைப்பிடி மட்டும் நீளம். தோலுரித்த சூடான கிழங்கைப் போட்டு அழுத்தினால், துளைகள் வழியே வெண்ணிறப் புழுக்களாக நெளிந்து, ஆவி பறக்கக் கீழே உதிரும். ஒவ்வொரு இழையும் தொட்டால் உடையும், அழுத்தினால் கரையும்.

இந்த வேலையை அதன் உச்சிக்குக் கொண்டுபோனவர் ஷோயல் ரொபுஷோன். 1981-இல் பாரிஸில் ஷமான் என்ற சிறிய உணவகத்தை ஏற்ற அவர், மூன்றே ஆண்டில் மிஷ்லேன் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரமும் வாங்கினார். ஃபுவா க்ரா, கேவியர் என்று அடுக்கக்கூடிய அந்த இடத்தில் பேர் வாங்கியது அவருடைய கிழங்கு மசியல். விரல் பருமனில் இருக்கும் ராத் வகைக் கிழங்கைத் தோலோடு, குளிர்ந்த உப்புநீரில் போட்டு வேகவைப்பார். சூடு ஆறுமுன் உரித்து, கையால் சுற்றும் மசிப்பானில் தள்ளி, பாத்திரத்தில் கிளறி ஈரத்தை ஆவியாக்குவார். அதன் பிறகே குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு அடிப்பார். கடைசியில் கொதிக்கும் பாலை நூலாக ஊற்றுவார். எல்லாம் முடிந்து மெல்லிய சல்லடையில் ஒருமுறை தேய்த்தெடுப்பார். அவர் வெளியிட்ட செய்முறையில் ஒரு கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய். ஹன்னா கிளாஸ் சொன்ன அளவைப்போல் இரண்டு மடங்கு. 2018-இல் ரொபுஷோன் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் எழுதிய இரங்கல்களில் அந்த மசியலைச் சொல்லாத ஒன்றைத் தேடுவது சிரமம்.

அவர் முறையில் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. தோலோடு வேகவைத்தால் கிழங்கு தண்ணீர் குடிக்காது. தண்ணீர் குடிக்காத கிழங்குதான் வெண்ணெய் குடிக்கும். வெண்ணெய் முதலில், பால் பிறகு என்ற வரிசையும் முக்கியம். கொழுப்பு முதலில் மாவுச்சத்தைப் போர்த்திக்கொண்டால் பின்னால் வரும் பாலின் ஈரத்தில் அது பிசுபிசுக்காது. பால் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மேசைக்குப் போகுமுன்பே மசியல் ஆறிவிடும். விருந்துக்கு வெகு முன்பே செய்கிறவர்கள், கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து மூடி, பரிமாறுமுன் இன்னும் கொஞ்சம் சூடான பால் விட்டுக் கிளறினால் போதும். பூண்டு வேண்டுமென்றால் தோலோடு சுட்டுப் பிதுக்கிச் சேர்க்கலாம், பச்சையாக வேண்டாம்.

என் வீட்டில் நான் வாங்குவது யூக்கான் கோல்ட். கனடாவில் பிறந்த கிழங்கு, உள்ளே வெளிர்மஞ்சள். டொரொன்டோவுக்கு மேற்கே குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கேரி ஜான்ஸ்டன் என்ற விஞ்ஞானியின் குழு 1966-இல் ஒட்டுச்சேர்த்து, 1980-இல் வெளியிட்டது. ரசெட் அளவுக்கு உதிராது, மெழுகுக் கிழங்கு அளவுக்கு இறுகாது, வெண்ணெய் போடுமுன்பே வெண்ணெய் நிறம். அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று அதன் வம்சாவளியைப் பார்த்தேன். பெற்றோரில் ஒன்றின் முன்னோர், ஆண்டீஸ் மலைநாட்டில் விளையும் யெமா தே உவேவோ என்ற சின்னஞ்சிறு கிழங்கு. ஸ்பானிய மொழியில் முட்டையின் மஞ்சள்கரு என்று பொருள். பால் இல்லாத மலையிலிருந்து வந்த மஞ்சள், என் பாத்திரத்தில் வெண்ணெயோடு கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் நிற்கிறது.

இந்த அக்டோபரில் நீங்கள் செய்வதாக இருந்தால், அல்லது நம்மூரில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு நீலகிரிக் கிழங்கில் செய்வதாக இருந்தால், ஒரு வேண்டுகோள். இடியாப்ப அச்சைத் தேடி எடுத்து வையுங்கள். பாலைச் சுடவையுங்கள். ஒரு கிலோ கிழங்குக்குக் கால் கிலோ வெண்ணெய் எடுங்கள். நடுவில் குழி வைக்க மறக்காதீர்கள். அன்றைக்கு மட்டும் வெண்ணெயின் அளவைக் குறைக்காதீர்கள்.